வீட்டுக்கு அடியில கழிவுத்தண்ணி தேங்கிடுச்சா? கழுவ எறங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எலி ஏதோ செத்துக் கெடக்குன்னு தான் நாங்க மொதல்ல நெனச்சோம். அலமாரிக்குப் பின்னாடி, பரண் மேல, கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடியாச்சு, எலி கெடைக்கல. நாத்தம் மட்டும் காலையில எல்லாரும் குளிச்சு முடிச்ச பிறகு ஜாஸ்தியா வரும், மத்தியானம் கொஞ்சம் கொறையும். அந்த ஒரு விஷயத்தை வச்சே கண்டுபிடிச்சிருக்கலாம், தண்ணி ஊத்துனா நாத்தம் கூடுதுன்னா அது எலி இல்ல, பைப்பு. தரைக்கு அடியில, ஆள் தவழ்ந்து போற அளவு இருக்குற அந்த காலி இடத்துல, ஒரு ஜாயின்ட் கழண்டு போய் பல நாளா கழிவுத்தண்ணி மண்ணுல எறங்கிட்டே இருந்திருக்கு. கண்டுபிடிச்ச உடனே நான் பண்ணது, கையில வாளியும் பிளீச்சும் எடுத்துட்டு உள்ள போகப் பார்த்தது. கூட வந்த பிளம்பர் அண்ணன் தான் கையைப் புடிச்சு நிறுத்துனாரு. அவர் நிறுத்துன காரணம் முழுசா புரிஞ்சதுக்கு அப்புறம் தான் இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி ஆனா எல்லாருக்குமே மொத வேகம் கழுவுறதுல தான் போகும். கழுவுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நெறைய இருக்கு, அந்த வரிசை மாறுனா தான் ஆபத்து.

மொதல்ல வீட்டுல தண்ணி பொழங்குறதை நிறுத்துங்க, முழுசா. ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணா 6 லிட்டர், பழைய டேங்க்னா 10 லிட்டருக்கு மேல கூட போகும், போற வழி அடைச்சிருந்தா அது அத்தனையும் உங்க வீட்டுக்கு அடியில தான் போய் நிக்கும். குழாயை மூடுனா போதும்னு நெனைக்காதீங்க, வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவுற மெஷின் இதெல்லாம் டைமர்ல போட்டு வச்சிருப்போம், ராத்திரி அதுவா ஓட ஆரம்பிச்சிடும், அதையும் ஆஃப் பண்ணுங்க. மாடியில வேற குடும்பம் இருந்தா, பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே லைன்னா, அவங்க கிட்ட போய் நேர்ல சொல்லுங்க. நீங்க மட்டும் நிறுத்தி, மேல இருக்குறவங்க குளிச்சா பிரயோஜனம் இல்ல.

அடுத்தது கரண்ட். தரைக்கு அடியில வயர் போயிருக்கலாம், மோட்டர் இருக்கலாம், ஹீட்டர் இருக்கலாம். மெயின் சுவிட்ச் காஞ்ச இடத்துல இருந்து, நீங்களும் காஞ்ச தரையில நின்னு தொட முடியும்னா மட்டும் அணைங்க. ஈரத்துல நின்னுட்டு தான் தொடணும்னா வேண்டாம், எலக்ட்ரீஷியனையோ கரண்ட் ஆபீஸையோ கூப்பிடுங்க. கேஸ் லைன் அந்த வழியா போகுதுன்னா அதோட வால்வையும் மூடிடுங்க.

இப்ப இதுல முக்கியமான பகுதிக்கு வரேன், தயவு செஞ்சு இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. தேங்குன கழிவுல இருந்து ஹைட்ரஜன் சல்பைடுன்னு ஒரு வாயு வரும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்குமே அது தான். அது காத்தை விட கனம், அதனால பள்ளத்துல, மூலையில, தரையோட தரையா தங்கும், நீங்க தவழ்ந்து போறப்போ உங்க மூக்கு இருக்குற உயரத்துலயே. ரொம்ப கொஞ்சமா இருந்தாலும் நாத்தம் தெரியும், ஆனா 100 பிபிஎம் (அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு) அளவுக்குப் போச்சுன்னா சில நிமிஷத்துலயே மூக்கு மரத்துப் போயிடும், நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு நாம நெனைக்கிற நேரம் தான் நெஜமா ஆபத்து. 500, 700ன்னு ஏறுனா ஆள் மயங்கி விழுந்துடுவாங்க, அதுக்கும் மேல போனா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே கூட. இது போதாதுன்னு மீத்தேனும் வரும், அது காத்துல 5ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா ஒரு தீப்பொறி போதும், வெடிச்சிடும். அதனால தீக்குச்சி, லைட்டர், சிகரெட், சாதாரண பல்பு, மோட்டர் சுவிட்ச் எதுவும் அந்தப் பக்கம் கூடாது.

எல்லா வீட்டு அடியும் ஒண்ணு கெடையாது, அதையும் சொல்லணும். நாலு பக்கமும் ஜன்னல் மாதிரி ஓட்டை வச்சு காத்து போற இடத்துல ஒரு சின்ன ஒழுகல்னா அது ஒரு மாதிரி. மூடுன பேஸ்மென்ட், பள்ளம், பல நாள் தேங்கி கறுப்பா சேறு படிஞ்ச இடம்னா அது செப்டிக் டேங்குக்குள்ள எறங்குற மாதிரி தான். அந்த சேறை காலால மிதிச்சாலோ குச்சியால கிளறுனாலோ உள்ள அடைபட்டிருந்த வாயு ஒரே நேரத்துல வெளிய வரும், வாசல்ல நின்னு பாக்குறப்போ ஒண்ணும் இல்லாத இடம் உள்ள போய் ரெண்டு நிமிஷத்துல மாறிடும். ஆக்சிஜன் சாதாரணமா காத்துல 20.9 சதவீதம் இருக்கும், 19.5க்குக் கீழ போனா உள்ள போகவே கூடாது. இந்த வாயு எல்லாத்தையும் அளக்குற மீட்டர் இருக்கு, அது இல்லாம அந்த மாதிரி இடத்துக்குள்ள யாரும் போகக் கூடாது, நீங்களும் சரி, காசு குடுத்து கூட்டிட்டு வர்ற ஆளும் சரி. "அவங்களுக்கு பழக்கம் தான்"னு சொல்லி ஒருத்தரை உள்ள அனுப்பாதீங்க, பழக்கத்துக்கு வாயு ஒண்ணும் வழி விடாது. பம்பு, ஓஸ், வேக்யூம் லாரி எல்லாம் வெளிய இருந்தே இழுக்கத் தான் இருக்கு. உள்ள ஒருத்தர் விழுந்துட்டா உடனே பின்னாடியே குதிக்கத் தோணும், பெத்த புள்ளையா இருந்தாலும் குதிக்காதீங்க, தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிடுங்க, அவங்க கிட்ட சிலிண்டர் வச்ச மாஸ்க் இருக்கும். இந்த மாதிரி இடங்கள்ல ஒருத்தரைக் காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து போனது எத்தனையோ தடவை நடந்திருக்கு. நாம போடுற துணி மாஸ்க், என்95 இதெல்லாம் துளிகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

சரி, தண்ணி நிறுத்தியாச்சு, கரண்ட் அணைச்சாச்சு. அடுத்து வெளிய இருந்தே எல்லா வழியையும் தொறந்து காத்து போக விடுங்க. இப்ப வெளிய நின்னுட்டே காரணத்தைத் தேடலாம். காரணம் தெரியாம சுத்தம் பண்ணா அடுத்த நாளே திரும்ப நெறஞ்சிடும்.

எங்க எங்க எதிர்த்து வருதுன்னு பாருங்க. ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவா போகுது, மத்ததெல்லாம் நல்லா போகுதுன்னா அந்த கெளை பைப்புல மட்டும் அடைப்பு. கீழ்த்தளத்துல இருக்குற பாத்ரூம் தரை ஓட்டையில தண்ணி மேல வருது, டாய்லெட் ஃப்ளஷ் பண்ணா குளிக்கிற இடத்துல கொப்பளிக்குதுன்னா மெயின் லைன் அடைச்சிருக்கு, எப்பவுமே இருக்குறதுலயே தாழ்வான ஓட்டை வழியா தான் அது மொதல்ல வெளிய வரும். வீட்டுல யாரும் சொட்டு தண்ணி பொழங்கல, ஆனாலும் மட்டம் ஏறிட்டே இருக்குன்னா அது உங்க தண்ணி இல்ல, வெளிய தெரு லைன் நெறஞ்சு உங்க பக்கம் தள்ளுது, இல்ல செப்டிக் டேங்க் நெறஞ்சு திரும்புது. மழை பெய்யுறப்போ மட்டும் வருதுன்னாலும் அதே மாதிரி தான், மழைத்தண்ணி சாக்கடை லைனுக்குள்ள புகுந்துருக்கும், இல்ல செப்டிக் டேங்க் தண்ணி எறங்குற மண்ணு ஊறிப் போய் இனிமே உறிஞ்ச மாட்டேங்குது.

எங்க வீட்டுல ஆன மாதிரி, உள்ள எல்லாம் சுத்தமா போகுது, எங்கயும் தேங்கல, ஆனா அடியில மட்டும் ஈரமும் நாத்தமும்னா பைப்பு உடைஞ்சிருக்கு இல்ல ஜாயின்ட் கழண்டிருக்கு. இது தான் ரொம்ப நாள் தெரியாமலே போறது, ஏன்னா வீட்டுக்குள்ள ஒரு தொந்தரவும் இருக்காது. இதை உறுதி பண்ண ஒரு வழி இருக்கு, சாப்பாட்டுல போடுற கலர் பொடியை டாய்லெட்ல ஒரு நெறம், குளிக்கிற எடத்துல வேற நெறம்னு கரைச்சு ஊத்தி, கொஞ்ச தண்ணி மட்டும் விட்டு, வெளிய இருந்து டார்ச் அடிச்சு அடியில எந்த நெறம் வருதுன்னு பாருங்க (பேட்டரி டார்ச்சா இருந்தாலும் வெளியவே போட்டுட்டு அப்புறம் காட்டுங்க). எந்த லைன் போச்சுன்னு தெரிஞ்சிடும். ஒருவேளை அது கழிவே இல்ல, குடிக்கிற தண்ணி பைப்பு கசிவோன்னு சந்தேகம் இருந்தா, எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டரைப் பாருங்க, அப்பவும் சுத்துதுன்னா நல்ல தண்ணி பைப்பும் போயிருக்கு.

வெளிய சேம்பர் (சாக்கடை பைப்பு வழியில மூடி போட்டு வச்சிருக்குற தொட்டி) வரிசையா இருந்தா அது இன்னும் சுலபம். வீட்டுப் பக்கத்துல இருந்து தெருப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு மூடியா தூக்கிப் பாருங்க, எட்டி மூஞ்சியை உள்ள விடாம தள்ளி நின்னு பாருங்க. நெறஞ்ச சேம்பருக்கும் அடுத்து இருக்குற காலி சேம்பருக்கும் நடுவுல தான் அடைப்பு. எல்லாமே நெறஞ்சிருந்தா பிரச்சினை உங்க எல்லைக்கு வெளிய, அதுக்கு உங்க ஊர் சாக்கடையைப் பாத்துக்குற ஆபீஸுக்குத் தான் சொல்லணும், நீங்க வீட்டுக்குள்ள எவ்வளவு குத்துனாலும் சரியாகாது. பொதுவா உங்க எல்லைக்குள்ள இருக்குற பைப்பு உங்க பொறுப்பு, தெருவுல இருக்குறது அவங்க பொறுப்பு. எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் போட்டோ வீடியோ எடுத்து வைங்க, தண்ணி எந்த உயரம் வரைக்கும் நின்னுச்சுன்னு செவுத்துல தெரியுற கோடு உட்பட. வீட்டு இன்சூரன்ஸ் இருந்தா எடுத்துப் படிங்க, சாக்கடை எதிர்த்து வர்றதுக்கு பல பாலிசியில தனியா சேர்த்திருந்தா தான் பணம் வரும்.

பைப்புல கிளீன் அவுட்னு, அடைப்பு எடுக்குறதுக்காக மூடி போட்டு வச்ச ஒரு வாய் இருக்கும், அதைத் திறக்குறதுல ஒரு விஷயம். லைன் அடைச்சிருந்தா அந்த மூடிக்குப் பின்னாடி மொத்த பைப்பு கழிவும் அழுத்திட்டு நிக்குது, மாடி வரைக்கும் கூட நின்னிருக்கலாம். நேரா எதிர்ல உக்காந்து ஒரே மூச்சுல திருகாதீங்க. பக்கவாட்டுல நின்னு, கால் சுத்து கால் சுத்தா தளர்த்தி, கசிஞ்சு அழுத்தம் கொறையட்டும்.

அடைப்பு எடுக்க ஸ்ப்ரிங், ராடு, ஜெட்டிங் (தண்ணியை வேகமா பீய்ச்சி அடிக்கிறது) எதுவா இருந்தாலும் சரி, ஆனா மருந்து மட்டும் ஊத்தாதீங்க. காஸ்டிக், ஆசிட் இதெல்லாம் தண்ணி தேங்கி நிக்கிற லைன்ல அடைப்பு வரைக்கும் போய்ச் சேராது, நடுவுலயே கரைஞ்சு நிக்கும், அப்புறம் யார் ஸ்ப்ரிங் விடுறாங்களோ அவங்க மூஞ்சில தான் தெறிக்கும். ஏற்கனவே ஊத்திட்டீங்கன்னா வர்ற ஆள் கிட்ட மறைக்காம சொல்லுங்க. பிளீச்சும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரும் சேர்ந்தா குளோரின் வாயு, பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தா குளோராமின், ரெண்டும் நுரையீரலைப் பதம் பாத்துடும், அதுவும் மூடுன இடத்துல.

அடைப்பை எடுத்தாச்சுன்னு நிறுத்திடாம ஒரு தடவை கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க. எண்ணெய் பிசுக்கு, ஈரத் துடைப்பான், நாப்கின் இதெல்லாம்னா எடுத்தா போச்சு, வேர் உள்ள வந்திருந்தா அது வேற கதை. பைப்பு ஜாயின்ட்ல மயிரிழை சந்து இருந்தா கூட மரம் ஈரத்தைத் தேடி வேரை உள்ள விடும், வெட்டுனா மறுபடி வளரும், அந்த ஜாயின்ட்டை மாத்துற வரைக்கும் வந்துட்டே தான் இருக்கும். இன்னொண்ணு, பைப்பு நடுவுல தொங்கிப் போறது. 4 இன்ச் பைப்புக்கு மீட்டருக்கு 1ல இருந்து 2 சென்டிமீட்டர் சரிவு வேணும், வீட்டுக்கு அடியில தொங்கவிட்ட பிவிசி பைப்புக்கு சுமார் 1.2 மீட்டருக்கு ஒரு தாங்கி வேணும், அது துருப்பிடிச்சு விட்டுப் போனா பைப்பு வளைஞ்சு அந்த பள்ளத்துல எல்லாம் தங்கும், கடைசியில ஜாயின்ட் வாய் பொளக்கும். எங்களுக்கு நடந்தது இது தான். ஜாயின்ட்டை மட்டும் ஒட்டிட்டு தாங்கியை விட்டிருந்தா ஒரு வருஷத்துல மறுபடி அதே நெலமை தான்.

பைப்பு மண்ணுக்குள்ள, மேல நேரா கான்கிரீட் தரைன்னா உள்ள போகவே வழி இல்ல. தரையை உடைக்கிறது, வெளிய இருந்து குடைஞ்சு போறது, பைப்புக்குள்ளயே புது உறை விடுறதுன்னு மூணு வழி, எதுன்னு கேமரா பாத்துட்டு தான் சொல்ல முடியும். தரையில புதுசா விரிசல், டைல்ஸ் எறங்குறது, கதவு திடீர்னு ஒட்டுறதுன்னு ஏதாவது தெரிஞ்சா மண்ணு அரிச்சிருக்கலாம், சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு மத்ததைப் பாருங்க.

பைப்பு சரியாச்சு, இப்ப தான் சுத்தம் பண்ற வேலை. தேங்குனதை சேறு இழுக்குற பம்பு வச்சு வெளிய இருந்து இழுக்கணும். இழுத்ததை தோட்டத்துலயோ மழைநீர் வாய்க்கால்லயோ விடாதீங்க, அது போய்ச் சேர்றது யாரோ குடிக்கிற தண்ணியில. சாக்கடை லைனுக்கோ வேக்யூம் லாரிக்கோ தான் போகணும். பக்கத்துல கெணறோ போரோ இருந்தா டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம்.

காத்து நல்லா போகுது, மீட்டர் சரியா காட்டுதுன்னு உறுதியான பிறகு தான் ஆள் உள்ள போறது, அப்பவும் வாசல்ல ஒருத்தர் பேச்சு குடுத்துக்கிட்டே நிக்கணும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், ரெண்டு அடுக்கு கையுறை, கண்ணை மூடுற கண்ணாடி, மாஸ்க், முழுக்கை உடுப்பு. திடக்கழிவை அள்ளிக் கட்டிடுங்க. அட்டைப்பெட்டி, துணி, மெத்தை, நனைஞ்ச தெர்மாகோல், பஞ்சு மாதிரி இன்சுலேஷன், மண்ணு மேல விரிச்ச பிளாஸ்டிக் ஷீட் இதெல்லாம் காய வச்சு திரும்ப எடுக்குற பொருள் இல்ல, தூக்கிப் போடுங்க, மனசு வராது, ஆனாலும் போடுங்க.

மண் தரைன்னா மேல இருக்குற கறுத்த மண்ணை சில சென்டிமீட்டர் சுரண்டி எடுத்துட்டு நீத்த சுண்ணாம்புப் பொடி தூவணும். மண்ணு மேல பிளீச் ஊத்துறது வீண், பிளீச்சோட சத்தை அழுக்கும் மண்ணுமே தின்னுடும், கிருமிக்கு ஒண்ணும் மிஞ்சாது. சுண்ணாம்பு அப்படி இல்ல, அந்த காரத்தன்மையில கிருமி தாக்குப் பிடிக்காது, கழிவு சேறை சுத்தம் பண்ற எடங்கள்லயே சுண்ணாம்பு போட்டு பிஎச்சை (காரத்தன்மையைக் காட்டுற அளவு) 12க்கு ஏத்துவாங்க. ஆனா கண்ணுல பட்டா கண்ணு போயிடும், கண்ணாடி இல்லாம தூவாதீங்க, குழந்தைங்க, நாய், பூனை அந்தப் பக்கம் போகாம அடைச்சு வைங்க. நீத்தாத சுண்ணாம்புக்கல்லை போடாதீங்க, ஈரம் பட்டு கொதிக்கும்.

கான்கிரீட், தூண், பைப்பு மாதிரி இடத்துக்கு மொதல்ல சோப்புத்தண்ணி போட்டு தேய்ச்சுக் கழுவிட்டு அப்புறம் பிளீச். சாதாரண வீட்டு பிளீச் 5, 6 சதவீதம் இருக்கும், அதுல ஒரு லிட்டர் பச்சைத் தண்ணிக்கு 60 மில்லி கலந்து, பத்து நிமிஷமாவது ஈரமாவே நிக்கணும். கலந்ததை அன்னைக்கே தீத்துடுங்க, மறுநாள் வீரியம் இருக்காது.

காய வைக்கிறது தான் எல்லாரும் அவசரப்படுற இடம். கழிவு உள்ள இருக்குறப்பவே ஃபேன் போட்டா அந்த தூசியும் துளியும் தரை சந்து வழியா வீட்டுக்குள்ள ஏறும், சுத்தம் பண்ண பிறகு தான் போடணும், அதுவும் உள்ள இருந்து வெளிய தள்ளுற மாதிரி. ஈரம் 24ல இருந்து 48 மணி நேரம் நின்னாலே பூஞ்சை ஆரம்பிச்சிடும். மரச் சட்டம் இருந்தா மேல தொட்டுப் பாத்து காஞ்சிடுச்சுன்னு நம்பாதீங்க, ஈரம் அளக்குற சின்ன மீட்டரைக் குத்திப் பாருங்க, 19 சதவீதத்துக்குக் கீழ வந்த பிறகு தான் புது ஷீட்டோ இன்சுலேஷனோ போடணும், அதுக்கு முன்னாடி மூடுனா ஈரத்தை நீங்களே உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி.

உடம்பைப் பத்தி. கர்ப்பமா இருக்குறவங்க, சின்னக் குழந்தைங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்க அந்தப் பக்கமே வர வேண்டாம். வேலை செய்யுறப்போ மூஞ்சியைத் தொடாதீங்க, கையுறையோட போனைத் தொடுறதை எல்லாரும் பண்ணுவோம், அது தான் அப்புறம் காதுக்கும் வாய்க்கும் போகுது. கையில கால்ல வெட்டு இருந்தா அந்த வேலைக்கே போகாதீங்க, வேலையில கீறல் பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க, டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அழுக்குப் பட்ட காயத்துக்கு மறுபடி போடச் சொல்லுவாங்க. வேலை முடிஞ்சு ரெண்டு நாள் நல்லா இருந்தா போதும்னு விட்டுடாதீங்க, எலிக்காய்ச்சல்னு சொல்ற லெப்டோஸ்பைரோசிஸ் 2 நாள்ல இருந்து 30 நாள் வரைக்கும் எப்ப வேணா தெரியலாம், ஹெபடைட்டிஸ் ஏங்கிற மஞ்சக்காமாலை அதை விட லேட்டா கூட வரும். காய்ச்சல், கெண்டைக்கால்ல கடுமையான வலி, கண்ணு சிவக்குறது, மஞ்சள் தட்டுறது, நிக்காத வயித்துப்போக்கு இதுல எது வந்தாலும் டாக்டர் கிட்ட போனவுடனே "சாக்கடைத் தண்ணியில வேலை செஞ்சேன்"னு நீங்களா சொல்லுங்க, அவங்க கேக்க மாட்டாங்க, சொல்லலைன்னா சாதாரண காய்ச்சல்னு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.

தெரு லைன்ல இருந்து தான் எதிர்த்து வருதுன்னு தெரிஞ்சா நான் ரிட்டர்ன் வால்வு போடுங்க, போற தண்ணியை விடும், திரும்பி வர்றதைத் தடுக்கும். போட்டுட்டு மறந்துடாதீங்க, அந்த கதவுல ஒரு துணி சிக்குனா கூட மூடாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொறந்து தொடைக்கணும், அப்படித் தொறக்குற மாதிரி இடத்துல தான் அதை வைக்கணும். அது மூடியிருக்குற நேரத்துல நீங்க ஊத்துற தண்ணியும் வெளிய போகாதுங்கிறதை வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க.

எல்லாம் முடிஞ்ச பிறகு, ஒரு வாரம் கழிச்சு, காலையில எல்லாரும் குளிச்சு முடிச்ச உடனே போய், வெளிய இருந்தே டார்ச் அடிச்சு அந்த ஜாயின்ட்டுக்கு அடியில பாருங்க. மொத பெரிய மழைக்கு அடுத்த நாளும் ஒரு தடவை. நாங்க ஜாயின்ட்டுக்கு நேரா கீழ ஒரு பழைய பேப்பரை விரிச்சு வச்சிருக்கோம், சொட்டு விழுந்தா கறை தெரிஞ்சிடும், மாசத்துக்கு ஒரு தடவை பேப்பரை மாத்துறோம்.